நவம்பரில் வந்து பார்

க்ளூன்பெக், மேயோ, அயர்லாந்து
6 ஜூன் 2006

அன்புள்ள மகன் கோல்மனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், மூன்று நாளாக மழை இல்லாததால் அப்பாவின் முழங்காலும் நல்லபடியாகவே இருக்கிறது. அங்கே சிகாகோவில் நீயும் மார்லீனும் என் செல்லப் பேத்தி நோராவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், செவ்வாய்க்கிழமை எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. போனில் பேச்சு என் கையில் நிற்பதில்லை, மழையில் ஆரம்பித்தால் மாட்டில் போய் முடிகிறது, நீயும் அந்தப் பக்கம் "ம்", "ம்" என்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அது எனக்குச் சௌகரியம்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைக் கேட்டேன். கேட்காத மாதிரி புல் வெட்டியாச்சு, பாதி ஈரம் என்றெல்லாம் பேசினேனே, கேட்டுவிட்டுத்தான் பேசினேன். "நாங்க வர்றதா இல்லம்மா, அங்க எனக்கு என்ன இருக்கு" என்றாய். மூன்று வருஷமாக இங்கேயே குடிவருகிறோம் குடிவருகிறோம் என்று சொல்லி, நோராவுக்கு இங்கே எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று விசாரித்து, இங்கே விற்கிற விலையைப் பார்த்துவிட்டு சிகாகோ வீட்டை விற்றால் பக்கத்து டவுன் க்ளேர்மோரிஸில் கார் நிறுத்தத்தான் இடம் கிடைக்கும் என்று நீயே சிரித்து, கடைசியில் இது. போனை வைத்ததும் என்ன சொன்னான் என்று அப்பா கேட்டார். அங்கே வெயில் அதிகமாம் என்றேன். அவர், அவ்வளவு வெயிலா என்று கேட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பால் கறந்து முடித்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

போன ஜூலையில் நீங்கள் வந்தபோது நடந்ததெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. இரண்டு பெட்டி நிறைய ஜீன்ஸும் ஷூவும் கொண்டுவந்தாய். உன் தம்பி ஃபெர்கலின் மகள் கீவா ஒழுங்காக நன்றி சொல்லி வாங்கி, அதே ஷூ நான்கு ஜோடி இருக்கிற அலமாரியில் ஐந்தாவதாக வைத்தாள். அவள் அம்மா ஓர்லா அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கே மூன்று காலிப் பெட்டியோடு நியூயார்க் போய் மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வந்தவள் என்று உனக்கு யார் சொல்லியிருப்பார்கள். நீயும் சும்மா இல்லை. நம் வாசலில் திரும்ப முடியாத அளவுக்கு ஒரு பெரிய காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து, கம்பெனிக்காரன் சின்னதுக்குப் பதில் இலவசமாக மாற்றிக்கொடுத்தான் என்று சொன்னாய். நான் நம்பினேன் என்று நீ நம்பினாய். அப்புறம் அந்த ஞாயிறு விருந்து. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபெர்கல் எழுந்து நின்று, அண்ணனுக்கு என் கட்டுமானக் கம்பெனியில் மேற்பார்வை வேலை தயாராக இருக்கிறது, நாளைக்கே வரட்டும் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள், நீ தட்டில் இருந்த உருளைக்கிழங்கை நான்காக வெட்டினாய், நான்கை எட்டாக வெட்டினாய், ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. அவன் வாங்கின முதல் சிமெண்ட் கலவை மெஷின் உன் சம்பளத்தில் வந்தது என்று அந்த மேஜையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான்கு நாள் முன்னதாகவே வேலை வந்துவிட்டது என்று கிளம்பிப் போனாய். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தச்சு வேலைக்கு என்ன அப்படி அவசரம் என்று நான் கேட்டேனா, கேட்கவில்லை.

சரி, உன் குற்றத்தைச் சொன்னேன், என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். கோபப்படாதே, உன் கால்பந்துக் கோப்பைகளைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். செப்டம்பரிலிருந்து லெஷெக் என்று ஒரு போலந்துக்காரன் இருக்கிறான், முப்பத்தி நான்கு வயது, ஃபெர்கலிடம் மின்சார வேலை செய்கிறான். ஜனவரியில் ஒருநாள் போனை ஒரு ஆண்குரல் எடுத்ததே, மாட்டு டாக்டர் என்று சொன்னேனே, அது அவன்தான். குளிக்கிற அறையைத் துடைத்துவிட்டு வெளியே வருகிறான், ஆகையால் அவனை உன்னோடு ஒப்பிட முடியாது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, அறை போய்விட்டது என்று தெரிந்தால் வருகிற எண்ணமும் போய்விடுமோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம். மே மாதம் அவன் அம்மா ஹலினா ஒரு வாரம் மகனைப் பார்க்க வந்திருந்தாள், லூப்லின் பக்கத்து ஊர், என் வயதுதான் இருக்கும். ஒரு பெட்டி நிறைய ஊறுகாய் வெள்ளரிக்காய் பாட்டில், ஒரு கசகசா கேக். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது, ஆனாலும் இரண்டே நாளில் என் அடுப்பில் எந்தப் பக்கம் சரியாக எரியாது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

கீவா முதன்முதலாக நற்கருணை வாங்கின புதுநன்மை விருந்து ஜோராக நடந்தது என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அதுவும் பொய். இரண்டு வாரமாக அதை வாயில் அடக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஃபெர்கல் வீட்டில் நீ போனபிறகு என்னென்ன முளைத்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது. வாசலில் இரண்டு கல் தூண், தூணுக்கு மேலே இரண்டு கல் கழுகு, நடுவில் தானாகத் திறக்கிற இரும்பு கேட். அந்தக் கழுகுகளை அப்பா இன்றைக்கு வரைக்கும் கோழி என்றுதான் சொல்கிறார், ஃபெர்கலிடமே உன் கோழிகள் எப்படி இருக்கு என்று விசாரிக்கிறார். பின்கட்டில் எட்டு பேர் உட்காருகிற வெந்நீர்த் தொட்டி. குளிக்கிற இடத்தில் கூட்டம் எதற்கு என்று அப்பா ஓர்லாவையே கேட்டார். பல்கேரியாவில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு வேறு, இதுவரை அவர்கள் போய்ப் பார்க்கவில்லை, படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். புதுநன்மைக்கு முந்தின வாரம் கீவாவை அழகு நிலையத்துக்குக் கூட்டிப்போய் உடம்புக்கு வெயில் நிறம் பூசிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை உடையில் பிள்ளை புதுச் செங்கல் மாதிரி இருந்தாள். பங்குச் சாமியார் ஃபாதர் டியர்னன் நன்மை கொடுக்கும்போது ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வெளியூர் போயிருந்தீர்களா என்று கேட்டார். விருந்துக்கு ஊரில் பாதிப்பேருக்கு அழைப்பு. லெஷெக்குக்கு மட்டும் இல்லை. அந்த கேட்டுக்கு வயர் இழுத்ததே அவன்தான், ஆனாலும் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டால் எல்லோரையும் கூப்பிட வேண்டியிருக்கும் என்று ஓர்லா சொன்னாளாம். எனக்குப் பிடிக்கவில்லை. பூசை முடிந்ததும் அப்பா கன்று போட இருந்த பசுவைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றார், வீட்டுக்கு வந்தோம், லெஷெக்கும் ஹலினாவும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போக இடமில்லாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வாருங்கள் என்றேன். யார் கேட்டாலும் என்னோடு வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

போய்ப் பார்த்தால் எங்களை யாரும் கேட்கிற நிலைமையிலேயே இல்லை. கேட் மூடியிருக்கிறது, உள்ளே அறுபது பேர், வெளியே சாப்பாட்டு வேன், நடுவில் ஃபெர்கல் கையில் ஒரு சின்ன ரிமோட்டை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறான். கரண்ட் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புது வீடுகள் கட்டுகிற இடத்தில் பொக்லைன் வண்டி கேபிளை அறுத்துவிட்டது, பாதி ஊருக்குக் கரண்ட் போய்விட்டது. சனிக்கிழமையும் விடாமல் யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்று ஒருவர் கோபமாகக் கேட்டார், வண்டி ஃபெர்கலுடையது. கரண்ட் இல்லாவிட்டால் கையால் திறக்க ஒரு சாவி உண்டாம். அது எங்கே என்று தேடி, கடைசியில் ஓர்லாவுக்கு ஞாபகம் வந்தது, பல்கேரியா வீட்டுச் சாவிக்கொத்தில் அதையும் மாட்டியிருந்தாள். கொத்து அவள் தங்கையிடம். தங்கை பல்கேரியாவில். இதைக் கேட்டதும் அப்பா திரும்பிக்கொண்டு வயலைப் பார்க்க ஆரம்பித்தார், அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. லெஷெக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் சைக்கிளில் கருவிப் பெட்டியோடு வந்து, தரையில் முட்டிபோட்டு மோட்டார் மூடியைக் கழற்ற ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் ஆகும் என்றான். அதற்குள் மழை வந்துவிட்டது. உள்ளே பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஹலினா வேனின் கதவை அவளே திறந்து ஒரு தட்டு மீனை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்து மதில் பக்கம் கையைக் காட்டினாள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டிலிருந்து ஏணி வந்தது, அப்பா முழங்காலை மறந்து ஏணியில் ஏறினார், நான் அவருக்குக் கொடுக்க, அவர் உள்ளே நிற்கிறவர்களுக்குக் கொடுக்க, அறுபது பேர் சாப்பாடும் மதிலைத் தாண்டிப் போனது. ஹலினா அவள் பாஷையில் எல்லோரையும் அதட்டினாள், எல்லோருக்கும் புரிந்தது. அதே ஏணியில் இந்தப் பக்கம் இறங்கினது ஃபாதர் டியர்னன் ஒருவர்தான், அவருக்குப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம் இருந்தது. அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவர் மதில்மேல் உட்கார்ந்திருந்த காட்சியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன், கழுகுக்குப் பக்கத்தில் மூன்றாவது கழுகு மாதிரி இருந்தார்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். லெஷெக் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஃபெர்கல் கேட்டுக்கு உள்பக்கம், நான் வெளிப்பக்கம், ஜெயிலில் மகனைப் பார்க்க வந்தவள் மாதிரி நின்றேன். புது சூட் முழுக்க நனைந்து, தலைமுடி ஒட்டிக்கொண்டு, எட்டு வயதில் ஓடையில் விழுந்து எழுந்து வந்த மாதிரியே இருந்தான். மெதுவாகச் சொன்னான். "அண்ணன் இருந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல கழட்டியிருப்பான்மா. அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாத." சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன், இதோ சொல்லிவிட்டேன், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அவன் தானாக வாயைத் திறந்திருக்கிறானே என்று நானும் கேட்டேன், எல்லோர் முன்னாலும் அண்ணனுக்கு வேலை தருகிறேன் என்று ஏன்டா சொன்னாய் என்று. அவனுக்குப் புரியவே இல்லை, கோல்மன். அதில் என்ன தப்பு என்று என்னையே கேட்டான். "என்கிட்ட இருக்கிறதுலயே பெருசு அதுதானேம்மா, அதைத்தான குடுத்தேன்" என்றான். அவனுக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரு அண்ணன் போட்டோவில்தான் இருக்கிறான். போட்டோவுக்கு எதைக் கொடுப்பது என்று அவனுக்கு எப்படித் தெரியும். இதை நான் அவனுக்காகப் பரிந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள், பரவாயில்லை, உனக்காகப் பரிந்து அவனிடம் நிறையப் பேசியிருக்கிறேன்.

கேட் திறந்ததும் ஃபெர்கல் நேராக வந்து சேறு பூசின லெஷெக்கின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான், ஓர்லா ஹலினாவைக் கூட்டிக்கொண்டு போனாள், அந்தப் பெண்ணைப் பற்றி நான் என்ன சொன்னாலும் மனசு நல்ல மனசு. சமையலறை நடுவில் தீவு மாதிரி போட்டிருக்கிறார்களே ஒரு மேடை, புதிதாகக் கறுப்பு கிரானைட் பதித்து, முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று, அதை ஹலினா தடவிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி மகனிடம் ஏதோ கேட்டாள். அவன் காது சிவந்துவிட்டது, ஒன்றுமில்லை என்றான். ஓர்லா விடவில்லை, பிடிச்சிருக்கான்னு கேளு, பிடிச்சிருக்கான்னு கேளு என்று அவனைப் பிடுங்கி எடுத்தாள். கடைசியில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், இந்த வீட்டில் யார் இறந்தது, கல்லில் இன்னும் பேர் வெட்டவில்லையே என்று அம்மா கேட்கிறாள், எங்கள் ஊரில் இந்தக் கல் கல்லறைக்குத்தான் போடுவார்கள் என்று. ஓர்லா கல்லைப் பார்த்தாள், ஹலினாவைப் பார்த்தாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பார், கண்மை எல்லாம் கன்னத்தில் வழிந்து, மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். அந்தச் சிரிப்பை அவள் கல்யாணமான புதிதில் கேட்டது, நடுவில் பத்து வருஷம் எங்கே வைத்திருந்தாளோ. வெந்நீர்த் தொட்டி கரண்ட் இல்லாமல் ஆறிப்போய்க் கிடந்தது, பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஹலினா ஊருக்குக் கிளம்புகிற நாள். பூசை முடிந்து வந்து டீ போட்டேன், மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்திருந்தோம், அப்பா வழக்கம்போல வெளியே. சுவரில் உன் கல்யாணப் படத்தைக் காட்டி ஹலினா ஏதோ சொன்னாள், நிறைய சொன்னாள், சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. என்ன சொல்கிறாள் என்று லெஷெக்கைக் கேட்டேன். டீ நன்றாக இருக்கிறது என்கிறாள் என்றான். நானும் இரண்டு பிள்ளை பெற்றவள், டீக்கு யாரும் அப்படி அழமாட்டார்கள், உள்ளதைச் சொல் என்றேன். அவன் கோப்பையை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றிக்கொண்டிருந்தான். "உங்க பையன் எப்ப வருவார்னு கேக்கிறாங்க, மிஸஸ் டிம்ப்னா. அவர் சீக்கிரம் வரணும்னு டிசம்பர்லேர்ந்து தினமும் ஜெபம் பண்றாங்களாம்" என்றான். என் பையனை அவளுக்குத் தெரியவே தெரியாதே, எதற்கு என்றேன். "அவர் வந்துட்டா அந்த ரூம் அவருக்கு வேணுமே. அப்ப நீங்க என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு நினைக்கிறாங்க" என்றான். சொல்லிவிட்டு எழுந்து போய் குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த கோப்பையைத் திரும்பக் கழுவினான். ஹலினா மேஜைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் என்ன பேசினோம் என்று கேட்காதே, அவள் போலிஷில் பேசினாள், நான் பதிலுக்குப் பேசிக்கொண்டே இருந்தேன், பஸ் வரும்வரை நிறுத்தவில்லை. அவள் போனபிறகுதான் லெஷெக் இன்னொன்றையும் சொன்னான். அம்மாவிடம் போனில் பேசும்போது தனக்கு இங்கே பெரிய அறை, ஜன்னலைத் திறந்தால் கடல், முதலாளிக்குத் தன்னைக் கேட்காமல் ஒன்றும் ஓடாது என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தானாம். வந்து ஜன்னலைத் திறந்தவள் சதுப்பு நிலத்தையும் இரண்டு கழுதையையும் பார்த்தாள். காற்று நல்லா வருது என்று மட்டும் சொன்னாளாம்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது, உறைத்தும் உன்னிடம் போனில் சொல்ல வரவில்லை. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் உனக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஃபெர்கல் புது ஜீப் வாங்கிவிட்டான், நம்பர் பலகையில் 06 என்று இந்த வருஷத்து நம்பர். ஃபெர்கல் இன்னும் பன்னிரண்டு வீடு கட்டுகிறான். இன்னாருடைய மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆறே மாதத்தில் வீடு கட்டிவிட்டான். ஊரில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் உனக்கு வர ஆசை வரும் என்று நினைத்தேன், பூனைக்குப் பாலைக் காட்டுகிற மாதிரி. உனக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. உன் தம்பி ஜெயித்துவிட்டான், நீ தோற்றுவிட்டாய் என்று அம்மா வாரா வாரம் வாசித்துக் காட்டுகிறாள் என்று கேட்டிருக்கிறது. சத்தியமாக எனக்குத் தெரியாது, ராசா. அம்மா பேசினால் பிள்ளைக்குப் புரியும் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். நீயும் உன் பங்குக்கு அங்கிருந்து பெரிய காரைக் காட்டினாய், நான் இங்கிருந்து கழுகைக் காட்டினேன். இதில் உன் அப்பா ஒருவர்தான் ஒன்றையும் காட்டவில்லை, காட்டுவதற்கு அவரிடம் பதினோரு மாடும் ஒரு முழங்காலும்தான் இருக்கிறது.

அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாயே, எனக்கும் பதில் தெரியவில்லை. நீ விட்டுப்போன ஊர் இல்லை என்பது உண்மைதான். கடையில் உன்னை அமெரிக்கன் என்று கூப்பிட்டார்கள், நோரா வாயைத் திறந்தாலே பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், அதுவும் உண்மை. உன்னை வா என்று நான் இழுக்கப் போவதில்லை. ஆனால் நீ பார்த்தது ஜூலை. ஜூலையில் இந்த ஊரில் எல்லோரும் விருந்தாளிக்கென்று வேஷம் போட்டிருப்போம், நானும் சேர்த்துத்தான், அந்த நீலத் திரைச்சீலை நீ வருகிறாய் என்று வாங்கினது. நவம்பரில் வந்து பார். நாலரை மணிக்கு இருட்டிவிடும், மழை நேராகப் பெய்யாது, குறுக்கே பெய்யும், செவ்வாய்க்கிழமை என்றால் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. ஃபெர்கலின் ஜீப்பில் சேறு அப்பி எந்த வருஷத்து நம்பர் என்றே தெரியாது. மாதத் தொடக்கத்தில் வருகிற கல்லறைத் திருநாளுக்கு லெஷெக் இரண்டு வாரம் ஊருக்குப் போகிறான், அறை காலியாக இருக்கும், தலையணை உறை மாற்றி வைக்கிறேன். மார்லீனுக்கு விடுப்பு கிடைக்காது, நோராவுக்குப் பள்ளிக்கூடம், நீ மட்டும் ஒரு சின்னப் பையோடு வா. பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் சிகாகோவிலேயே இரு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஒரு வார்த்தை கேட்பேன், அதற்கு மேல் கேட்கமாட்டேன்.

மார்லீனிடம் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல், அவள் அனுப்பின காலுறை அப்பாவுக்குக் கொஞ்சம் பெரியது, ஆனால் கழற்ற மறுக்கிறார். நோராவை இரவில் ஜெபம் சொல்லச் சொல்லு, நீயும் பக்கத்தில் இருந்தால் கெட்டுப்போகாது. பாஸ்போர்ட்டில் தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார், உன் வழக்கம் எனக்குத் தெரியும். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். இதோடு முடித்து உறையில் போடலாம் என்று இருந்தேன், அப்பா உள்ளே வந்தார். யாருக்கு இவ்வளவு நீளமாக என்றார். கோல்மனுக்கு, நவம்பரில் வரச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். கையைக் கழுவினார், துடைத்தார், திரும்பவும் கழுவினார். அப்புறம், மாட்டுக் கொட்டகைக் கூரையில் மரச்சட்டம் எல்லாம் உளுத்துவிட்டது, குளிர்காலத்தைத் தாங்காது என்று அவனுக்கு எழுது என்றார். அதற்கென்ன, ஃபெர்கலிடம் சொன்னால் நாளைக் காலையில் நாலு ஆளும் கிரேனும் அனுப்பிவிடுவானே என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு நாலு ஆளு வேண்டாம். அவன் ஒருத்தன் வந்து அந்தப் பக்கம் பிடிச்சா போதும்" என்றார். எழுதிவிட்டேனா என்று இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார், கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எழுதிவிட்டேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
உன் அம்மா டிம்ப்னா
(அப்பா ஜார்லத்தும் பக்கத்தில் நிற்கிறார்)